ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த மணற்கல்: குமரி மாவட்டத்தில் கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறை நாள்களில் பள்ளிப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் சென்று மணலையும் கல்லையும் காட்டுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். மூவாற்றுமுகத்தில் தொடங்கி மணவாளக்குறிச்சியில் முடிகிற அந்தப் பயணத்தில் பிள்ளைகளும் கூட வந்த பெற்றோரும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே கல்லைப் பற்றியவை: ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த மணற்கல். அந்தக் கல் நம் மாவட்டத்தில் பாறைத்தொடராக இல்லை. ஆனாலும் அது எப்படிப் பிறக்கிறது, பல இடங்களில் ஏன் பிறக்காமலே போகிறது என்பதைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது.

ஆர்கோஸ் என்கிறார்களே, அது என்ன?

மணல் படிந்து, புதைந்து, இறுகிக் கல்லானால் அது மணற்கல். அந்த மணலில் நான்கில் ஒரு பங்குக்கு, அதாவது 25 சதவீதத்துக்குக் குறையாமல் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் இருந்தால் அந்தக் கல்லுக்கு ஆர்கோஸ் என்று பெயர். பிரெஞ்சு நிலவியலாளர் அலெக்சாண்டர் பிராங்னியார் 1826-இல் இந்தப் பெயரை நிலவியலுக்குள் கொண்டுவந்தார். ஃபெல்ட்ஸ்பார் 5 முதல் 25 சதவீதம் வரை இருந்தால் சப்ஆர்கோஸ் என்பார்கள். அதற்கும் கீழே போய், ஏறத்தாழ முழுவதும் குவார்ட்ஸ் என்றால் அது குவார்ட்ஸ் மணற்கல்.

ஃபெல்ட்ஸ்பாரை நான் பார்த்ததே இல்லை. எங்கே பார்க்கலாம்?

பார்க்காமல் இருக்க வழியே இல்லை. பூமியின் மேலோட்டில் பாதிக்கும் மேல் ஃபெல்ட்ஸ்பார்தான். உங்கள் வீட்டு அம்மியில் இருக்கிறது, கோயில் தூணில் இருக்கிறது, சாலையில் போட்ட ஜல்லியில் இருக்கிறது.

வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் ஜல்லியில் ஒன்றை எடுத்துக் கழுவுங்கள். வெயிலில் நின்று அதை விரல்களுக்கு இடையில் மெல்லத் திருப்புங்கள். ஏதோ ஒரு சாய்வில் ஒரு சிறு பரப்பு கண்ணாடிச் சில்லுபோலப் பளிச்சென்று மின்னும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அணைந்துவிடும். அதுதான் ஃபெல்ட்ஸ்பாரின் பிளவுமுகம். ஃபெல்ட்ஸ்பார் இரண்டு திசைகளில், ஏறத்தாழ செங்கோணத்தில், தட்டையாகப் பிளக்கும். பக்கத்தில் இருக்கும் குவார்ட்ஸ் அப்படிப் பிளக்காது. உடைந்த பாட்டிலின் விளிம்புபோல வளைந்து வளைந்து உடையும், எண்ணெய் தடவியதுபோல் மங்கலாகப் பளபளக்கும். வெங்கச்சங்கல் என்று நாம் சொல்கிற வெள்ளைக் கல் குவார்ட்ஸ்தான். நகத்தால் ஏடு ஏடாக உரிக்க முடிந்தால் அது காக்காப்பொன், அதாவது மைக்கா. மாதுளை முத்து நிறத்தில் புள்ளிகள் தெரிந்தால் கார்னெட்.

ஒரு எச்சரிக்கை. புத்தகப் படங்களில் ஃபெல்ட்ஸ்பார் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும். நம் மாவட்டத்தின் கருநிறப் பாறையான சார்னோக்கைட்டில் அது பசுமை கலந்த பழுப்பில், எண்ணெய்ப் பிசுக்குடன் தெரியும். நிறத்தை நம்பாமல் மின்னலை நம்புங்கள்.

வகைகளைப் பற்றி இவ்வளவு போதும்: பொட்டாசியம் உள்ளவை ஒரு கூட்டம், ஆர்த்தோகிளேஸும் மைக்ரோகிளினும் அதில் சேரும். சோடியமும் கால்சியமும் பல விகிதங்களில் கலந்தவை இன்னொரு கூட்டம், அதற்குப் பிளேஜியோகிளேஸ் என்று பெயர். இரண்டிலும் அலுமினியமும் சிலிக்கனும் ஆக்சிஜனும் பொது.

ஆர்கோஸில் ஃபெல்ட்ஸ்பாரைத் தவிர வேறு என்ன இருக்கும்?

குவார்ட்ஸ் கட்டாயம் இருக்கும். பல ஆர்கோஸ்களில் அதுவே அதிகம். மைக்கா ஏடுகள், தாய்ப்பாறையின் சிறு துண்டுகள், கொஞ்சம் களிமண் ஆகியவையும் உண்டு. மணிகளை ஒட்டவைக்கும் பசை கால்சைட்டாகவோ சிலிக்காவாகவோ இரும்பு ஆக்சைடாகவோ இருக்கும்.

மணிகளின் தோற்றமும் ஒரு சாட்சி. ஆர்கோஸின் மணிகள் பெரும்பாலும் பருமனாகவும் கூர்மூலையோடும் இருக்கும். பெரியதும் சிறியதும் சலிக்காத மணல்போலக் கலந்து கிடக்கும். நெடுந்தூரம் உருண்டு வந்திருந்தால் மூலை மழுங்கியிருக்கும், தண்ணீர் அளவு பார்த்துப் பிரித்திருக்கும். இரண்டும் நடக்கவில்லை என்பதைத்தான் அந்தக் கரடுமுரடு சொல்கிறது.

பாறைகளில் ஃபெல்ட்ஸ்பார்தான் அதிகம் என்றால், மணற்கற்களில் ஏன் குவார்ட்ஸ் அதிகமாக இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்வதில்லை. யாராவது கிணறு வெட்டும் இடத்துக்கு அழைத்துப் போவேன். தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் வெட்டிய கிணறு இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலே செம்மண், அதன் கீழே ஓட்டை ஓட்டையாகச் செம்பூரான் கல், அதற்கும் கீழே வெள்ளை வெளேரென்று களி. ஆனால் அந்தக் களிச் சுவரில் நைஸ் என்ற வரிவரியான பாறையின் கோடுகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. பாறை இருந்த இடத்தை விட்டு அசையவில்லை; இருந்த இடத்திலேயே உளுத்துப்போயிருந்தது. ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். பால்போல வெள்ளை நீர் விரலிடுக்கில் வழிந்து போனது. கையில் நெறுநெறுவென்று மிஞ்சியது குவார்ட்ஸ் மணி மட்டும். வழிந்தோடிய பால்தான் ஒரு காலத்தில் ஃபெல்ட்ஸ்பார்.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன் டைஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது ஃபெல்ட்ஸ்பாரின் உள்ளே புகுந்து பொட்டாசியத்தையும் சோடியத்தையும் கால்சியத்தையும் கரைத்து எடுத்துப் போய்விடும். சிலிக்காவிலும் ஒரு பகுதி போகும். மிச்சம் கயோலின் என்ற வெள்ளைக் களி. வெப்பமும் ஈரமும் உள்ள ஊரில் இந்த வேலை விரைவாக நடக்கும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கிற குமரி மாவட்டத்தில் கேட்கவே வேண்டாம்.

எல்லா ஃபெல்ட்ஸ்பாரும் ஒரே வேகத்தில் உளுப்பதில்லை. எது முந்தி எது பிந்தி என்பதை அமெரிக்கரான சாமுவேல் கோல்டிச் 1938-இல் வரிசைப்படுத்தினார். கால்சியம் மிகுந்த பிளேஜியோகிளேஸ் முதலில் போகும், பிறகு சோடியம் மிகுந்தது, அதன் பிறகே பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார். குவார்ட்ஸ் கடைசிவரை நிற்கும். பல ஆர்கோஸ்களில் பிளேஜியோகிளேஸைவிட மைக்ரோகிளினும் ஆர்த்தோகிளேஸும் கூடுதலாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இதோடு அடிபடுதலும் சேர்கிறது. குவார்ட்ஸின் கடினத்தன்மை மோஸ் அளவில் 7, ஃபெல்ட்ஸ்பாருக்கு 6. வித்தியாசம் சிறிதுதான், ஆனால் ஃபெல்ட்ஸ்பாருக்குப் பிளவு உண்டு, ஏற்கெனவே பாதி உளுத்தும் இருக்கும். அலையடிக்கும் கரையில் நாளெல்லாம் உரசினால் தூளாகிவிடும்.

அப்படியானால் ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த மணற்கல் எப்படித்தான் உருவாகிறது?

அவசரத்தில் உருவாகிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்களே, அதேதான் இங்கும். பாறையிலிருந்து உதிர்ந்த ஃபெல்ட்ஸ்பார் உளுக்கும் முன் அடித்துச் செல்லப்பட வேண்டும். தூளாகும் முன் புதைந்துவிட வேண்டும்.

முதலில் தாய்ப்பாறை. கிரானைட்டோ நைஸோ நிலத்துக்கு மேலே வெளிப்பட்டிருக்க வேண்டும். அது பூமிக்குள் ஆழத்தில் உருவாகிற பாறை. ஆகவே அதன் மேலே கிடந்த கிலோமீட்டர் கணக்கான சுமை அரிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது நிலம் பிளந்து ஒரு பக்கம் மேலே தூக்கப்பட்டிருக்க வேண்டும்.

பிளவுதான் இதில் பெரிய விஷயம். கண்டம் இழுபடும்போது நிலம் நீளவாக்கில் உடைகிறது. ஒரு பக்கம் மலையாக எழும்புகிறது, அடுத்த பக்கம் பள்ளமாக அமிழ்கிறது. மலைச்சரிவு செங்குத்து, மழை பெய்தால் மண் நிற்காது. பாறை உளுக்க வேண்டிய காலத்தை அந்தச் சரிவு கொடுப்பதே இல்லை. வெள்ளம் கல்லும் மணலும் சேறுமாக அள்ளிக்கொண்டு இறங்கி, மலையடியில் வேகம் குறைந்ததும் கைவிசிறிபோல விரித்துக் கொட்டுகிறது. அடுத்த வெள்ளம் அதன் மேல் கொட்டுகிறது. பள்ளமும் அமிழ்ந்துகொண்டே போவதால் முன்னே வந்தது ஆழத்துக்குப் போய்விடுகிறது. மழையின் கை அதற்கு மேல் எட்டாது. இப்படியே பல லட்சம் ஆண்டுகள் நடந்தால் கிலோமீட்டர் கணக்கில் தடித்த ஆர்கோஸ் அடுக்குகள் சேரும்.

ஆகவே ஒரு மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் நிறைய இருந்தால், அருகில் ஒரு மலை இருந்தது, அது எழும்பிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு பள்ளம் தாழ்ந்துகொண்டிருந்தது என்று படிக்கலாம். மலை இன்று அடையாளமில்லாமல் அழிந்திருந்தாலும் சரி. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பாறைத்துண்டு மூன்றையும் எண்ணி ஒரு முக்கோணத்தில் குறித்தால் மணல் எப்படிப்பட்ட நிலத்திலிருந்து வந்தது என்று சொல்லலாம் என்பதை வில்லியம் டிக்கின்சனும் கிறிஸ்டோபர் சூசெக்கும் 1979-இல் முறைப்படுத்தினார்கள். இன்றும் மாணவர்கள் அந்த முக்கோணத்தைத்தான் வரைகிறார்கள்.

ஆர்கோஸ் இருந்தால் அங்கே முன்பு பாலைவனம் இருந்தது என்று படித்தேன். சரியா?

பாதி சரி. தண்ணீர் குறைந்த இடத்தில் ஃபெல்ட்ஸ்பார் பிழைக்கும். கடுங்குளிரிலும் பிழைக்கும்: ஒடிசாவின் தால்ச்சேர் பெயரைத் தாங்கிய அடுக்குகள் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறுகள் விட்டுச்சென்றவை, அவற்றின் மணற்கல்லில் ஃபெல்ட்ஸ்பார் உளுக்காமல் புதிதாகவே இருக்கிறது. அங்கே பனிக்கட்டி இருந்தது என்பதற்கு அதையும் ஒரு சான்றாகக் காட்டுவார்கள்.

ஆனால் மழை கொட்டும் வெப்பநாட்டிலும் ஆர்கோஸ் மணல் சேர முடியும். பால் கிரைனின் என்பவர் தெற்கு மெக்சிகோவின் ஈரக் காடுகளில் இதைக் கண்டு 1935-இல் எழுதினார். சரிவு செங்குத்தாக இருந்தால், மேற்பரப்பில் உளுத்த ஃபெல்ட்ஸ்பாரும் ஓடை ஆழமாக வெட்டிய இடத்தில் புதிய ஃபெல்ட்ஸ்பாரும் ஒன்றாகக் கலந்து வரும். அந்தக் கலப்பே ஈரநாட்டு ஆர்கோஸின் அடையாளம்.

இதை நம் மலையடிவாரத்திலேயே பார்க்கலாம். கோதையாறு, பரளியாறு ஓடைகளில் மலையை ஒட்டிய இடத்தில் பருமணல் ஒரு பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். மின்னுகிற மணியும் இருக்கும், சுண்ணாம்புபோல் வெளுத்து நகத்தால் குத்தினால் நொறுங்குகிற மணியும் இருக்கும். இரண்டும் ஃபெல்ட்ஸ்பார்தான். சுருங்கச் சொன்னால், காலநிலையை மட்டும் பார்த்து முடிவு சொல்லக் கூடாது. சரிவையும் பார்க்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் ஆர்கோஸ் பாறை இருக்கிறதா?

பாறைத்தொடர் என்று சொல்லும் அளவுக்கு இல்லை. நம் காலடியில் இருப்பவை சார்னோக்கைட், கார்னெட் நைஸ், கொண்டலைட் போன்ற பழைய உருமாறிய பாறைகள். கடலோரத்தில்தான் இளைய மணலும் களியும் செம்மணல் மேடுகளும் சிப்பிச் சுண்ணாம்புக் கல்லும் இருக்கின்றன.

மலை இருக்கிறது, மழை இருக்கிறது, மலை முழுக்க ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறது. இல்லாதது பள்ளம். மலையிலிருந்து வருகிற மணலை வாங்கிப் புதைத்து வைத்துக்கொள்ள, அமிழ்ந்துகொண்டே போகிற ஒரு பள்ளம் நம் நிலத்தில் இல்லை. ஐம்பது, அறுபது கிலோமீட்டருக்குள் ஆறு கடலைத் தொட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு மணலை அலை எடுத்துக்கொள்கிறது. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும் பிறகு வந்த பெருஞ்சாணி அணையும் மலைமணலில் ஒரு பங்கை வழியிலேயே நிறுத்திவிடுகின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் பாறைகளே ஒரு காலத்தில் மணற்கல்லாக இருந்திருக்குமா?

மிக நல்ல கேள்வி. திருவட்டாறில் ஒரு ஏழாம் வகுப்பு மாணவி கேட்டாள். சில பாறைகளைப் பொறுத்தவரை, ஆம். ஒடிசாவின் கோண்டு மக்களின் பெயரால் அழைக்கப்படும் கொண்டலைட், களிமண் மிகுந்த படிவுகள் ஆழத்தில் வெந்து உருமாறியது என்பதில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. அதன் கூடவே அடுக்கு அடுக்காக வருகிற, வெளிர்நிறத்தில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் சிறு கார்னெட்டும் கொண்ட பாறைக்கு லெப்டினைட் என்று பெயர். அதில் ஒரு பகுதி பழைய ஆர்கோஸாக இருந்திருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு; உருகி உறைந்த பாறையிலிருந்து வந்தது என்று கருதுவோரும் உண்டு. ஆர்கோஸும் கிரானைட்டும் ஏறக்குறைய ஒரே வேதிச் சேர்க்கை என்பதால், இரண்டும் ஒருமுறை வெந்துவிட்டால் பிரித்தறிவது கடினம்.

எம்-சாண்டில் ஃபெல்ட்ஸ்பார் இருக்கிறதா? அது ஆர்கோஸ் மணல் ஆகுமா?

இருக்கிறது, நிறையவே. குவாரியில் சார்னோக்கைட்டையோ நைஸையோ உடைத்துத்தான் எம்-சாண்ட் எடுக்கிறார்கள். பாறையில் உள்ள அத்தனை ஃபெல்ட்ஸ்பாரும் உளுக்காமல், உருளாமல், கூர்மூலையோடு அதில் வந்துவிடும். மலை பல ஆயிரம் ஆண்டுகளில் அவசரமாகச் செய்கிற வேலையை இயந்திரம் ஒரு நிமிடத்தில் செய்துவிடுகிறது. ஒரு கையில் எம்-சாண்டும் இன்னொரு கையில் பழைய ஆற்றுமணலும் வைத்துப் பார்த்தால் ஆர்கோஸ் மணலுக்கும், உளுத்தும் உருண்டும் முதிர்ந்த மணலுக்கும் உள்ள வேறுபாடு பாடமே தேவையில்லாமல் புரியும். இயற்கையாகப் படிந்ததல்ல என்பதால் ஆர்கோஸ் என்று பெயர் வைக்க முடியாது.

கன்னியாகுமரியில் விற்கும் பல வண்ண மணலும் மணவாளக்குறிச்சிக் கருமணலும் இந்த வகைதானா?

இல்லை. அவை இதற்கு நேர் எதிர்.

அம்மனின் திருமணத்துக்கு வைத்திருந்த அரிசியும் தானியமும், திருமணம் நின்றுபோனதால் மணலாக மாறின என்று நம் பாட்டிமார் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். அந்த மணலை ஒரு லென்ஸின் கீழே வைத்தால் கதையில் வரும் தானியங்களைப் போலவே ஒவ்வொன்றும் வேறு வேறு. கருப்பு மணி இல்மனைட். ரோஜா நிறமும் சிவப்பும் கார்னெட். தேன் நிறத்தில் உருண்டு தெரிவது மோனசைட். நிறமற்று ஊசிபோல் இரு முனையும் கூரானது சிர்கான். ஃபெல்ட்ஸ்பாரைத் தேடுங்கள், எளிதில் கிடைக்காது.

காரணம் எடை. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் தண்ணீரைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கு கனம். கார்னெட் 4 மடங்கு, இல்மனைட்டும் சிர்கானும் நான்கரை மடங்குக்கு மேல், மோனசைட் ஏறத்தாழ 5 மடங்கு. சுளகில் அரிசியைப் புடைக்கும்போது உமி முன்னே பறந்து அரிசி பின்னே தங்குகிறதல்லவா? அலை அதையே செய்கிறது. ஏறும் அலை எல்லாவற்றையும் கொண்டுவருகிறது. இறங்கும் அலை இலேசானதை இழுத்துப்போய்விடுகிறது. கனமானது கரையில் கருங்கோடாகத் தங்குகிறது. மழை கயோலினாக்கியது போக மிஞ்சிய ஃபெல்ட்ஸ்பாரையும் இப்படிக் கடல் வாங்கிக்கொள்கிறது.

இந்த மணலின் மதிப்பை உலகம் அறிந்த விதம் சுவையானது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார். அதைத் தேடி அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. இன்று அங்கே ஐ.ஆர்.இ.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் ஆலை இருக்கிறது.

ஒரே மலையின் பாறைதான் இதற்கும் தாய். விரைந்து புதைந்திருந்தால் ஆர்கோஸ் ஆகியிருக்கும். மழையும் அலையும் நிதானமாகப் பொறுக்கி எடுத்ததால் கருமணல் ஆனது.

உலகில் பெயர்பெற்ற ஆர்கோஸ் எது?

ஆஸ்திரேலியாவின் நடுவே நிற்கும் உளுரு. சமவெளியிலிருந்து 348 மீட்டர் உயரம். அதன் கல்லில் ஏறத்தாழ பாதி ஃபெல்ட்ஸ்பார். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் அதன் தெற்கே பீட்டர்மன் மலைகள் எழும்பின. அவற்றின் கிரானைட்டை வெள்ளம் அரித்து மலையடியில் விசிறியாகக் கொட்டியது. பின்னர் நடந்த நில அசைவில் அந்த அடுக்குகள் ஏறக்குறைய செங்குத்தாகத் திரும்பிவிட்டன. உளுருவின் மேலே தெரியும் வரிகள் நிமிர்ந்து நிற்கும் அடுக்குகள்தான்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். அதே 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் அண்டார்டிகாவும் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இணைந்துகொண்டிருந்த காலத்தில், நாம் இன்று நிற்கிற குமரிப் பாறைகள் சுமார் 20 கிலோமீட்டர் ஆழத்தில் 800 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருந்தன. அங்கே மேலே மலை அரிந்து மணல் குவிந்தது. இங்கே கீழே பாறை வெந்தது.

ஸ்காட்லாந்தின் வடமேற்கே சுமார் 100 கோடி ஆண்டு பழைய டாரிடன் மணற்கல்லும், அமெரிக்காவின் கொலராடோவில் சுமார் 30 கோடி ஆண்டு பழைய ஃபவுன்டன் அடுக்குகளும் இதே இனம்.

இந்தியாவில், தமிழ்நாட்டில்?

ஜார்க்கண்ட், மேற்கு வங்க நிலக்கரி வயல்களில் நிலக்கரியோடு மாறி மாறி வரும் பராக்கர் மணற்கற்கள் ஃபெல்ட்ஸ்பார் மிகுந்தவை. அவையும் பிளந்து அமிழ்ந்த பள்ளங்களில் ஆறுகள் கொட்டியவை.

தமிழ்நாட்டில் காவிரிப் படுகையைச் சொல்ல வேண்டும். கோண்டுவானா உடைந்தபோது கிழக்குக் கரையோரம் நிலம் பிளந்து அமிழ்ந்தது. பக்கத்து நைஸ் மேடுகளின் மணல் அதில் கொட்டி மூடியது. ஆண்டிமடம் என்ற பெயரில் அழைக்கப்படும் ஆழ்நில அடுக்குகளில் மைக்காவும் ஃபெல்ட்ஸ்பாரும் மிகுந்த மணற்கல் இருக்கிறது. எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் கண்டது அது.

நமக்குப் பக்கத்தில் எதிர்மாதிரி பார்க்க வேண்டுமானால் திருவனந்தபுரத்துக்கு வடக்கே வர்க்கலைக் கடற்பாறைக்குப் போங்கள். அந்த மணற்கல்லின் அடுக்குகளுக்கு இடையே வெள்ளையும் செம்மையும் மஞ்சளுமாகக் களி. மழை தின்று தீர்த்த நிலத்திலிருந்து வந்த படிவு எப்படியிருக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஆர்கோஸ் ஏன் பெரும்பாலும் சிவப்பாக இருக்கிறது?

மணிகளின் மேல் படிந்த மெல்லிய இரும்பு ஆக்சைடுப் பூச்சு ஒரு காரணம். பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் இயல்பிலேயே இளஞ்சிவப்பாக இருப்பது இன்னொன்று. உளுரு கூட மேலேதான் சிவப்பு, உடைத்தால் உள்ளே சாம்பல் நிறம். சிவப்பை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நம் செம்மணல் தேரியும் சிவப்புதான்; அதில் மிகுந்திருப்பது இரும்புப் பூச்சு ஏறிய குவார்ட்ஸ்.

கிரானைட்டும் ஆர்கோஸும் ஒன்றுபோலத் தெரிகின்றன. எப்படிப் பிரிப்பது?

கை லென்ஸ் போதும், பத்து மடங்கு காட்டுவது. கிரானைட்டில் படிகங்கள் விரல்கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும், இடைவெளியே இருக்காது. ஆர்கோஸில் ஒவ்வொரு மணியும் தனி, இடையில் பசையோ வெற்றிடமோ தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: புதிய கிரானைட்டின் மேல் நிற்கும், ஆர்கோஸ் பலவேளை உறிஞ்சிக்கொள்ளும். அடுக்குக் கோடும் இடையிடையே கூழாங்கற்களும் தெரிந்தால் ஐயமே வேண்டாம்.

ஆய்வகத்தில் ஃபெல்ட்ஸ்பாரை எப்படி எண்ணுகிறார்கள்?

கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டி, துருவ ஒளி நுண்ணோக்கியில் வைப்பார்கள். நான் முதன்முதலில் மைக்ரோகிளினைப் பார்த்தபோது அப்பா கட்டும் கட்டம் போட்ட சாரம், அதாவது லுங்கிதான் நினைவுக்கு வந்தது. கருப்பும் சாம்பலும் குறுக்கும் நெடுக்குமாக அச்சு அசல் அதே கட்டம். பிளேஜியோகிளேஸில் நெடுக்குக் கோடுகள் மட்டும் இருக்கும். குவார்ட்ஸ் ஒன்றுமில்லாமல் தெளிவாக இருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

சோடியம் கோபால்டிநைட்ரைட் என்ற வேதிப்பொருளால் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரை மட்டும் மஞ்சளாக்கும் முறையும் உண்டு. அதற்கு முன் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தால் அரிக்க வேண்டும். அது எலும்புவரை புண்ணாக்கும் அமிலம். பயிற்சி பெற்றவர் இல்லாத பள்ளி ஆய்வகத்தில் நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது.

புதைந்த பிறகு ஃபெல்ட்ஸ்பார் அப்படியே இருந்துவிடுமா?

இருக்காது. ஆழத்தில் வெப்பமும் உப்புநீரும் அதை மீண்டும் தொடும். சில மணிகள் கரைந்து ஓட்டை விழும். சில கயோலினாகவோ இல்லைட் களியாகவோ மாறும். கால்சியம் உள்ளவை சோடியம் ஃபெல்ட்ஸ்பாராக மாறும். கரைந்த ஓட்டையில் எண்ணெயோ தண்ணீரோ தங்கலாம். உருவான களி அதே வழியை அடைக்கவும் செய்யலாம். எண்ணெய்த் துறையினருக்கு ஆர்கோஸ் தலைவலியும் ஆதாயமுமாக இருப்பது இதனால்தான்.

இதில் கதிரியக்கம் உண்டா?

பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு பொட்டாசியம்-40. அதன் அரை ஆயுள் சுமார் 125 கோடி ஆண்டு. ஆகவே ஆர்கோஸ் இலேசாகக் காமா கதிரைக் காட்டும். துளைக்கிணறுகளில் காமா அளவியை மட்டும் நம்பினால் ஆர்கோஸ் மணற்கல்லைக் களிப்பாறை என்று தவறாகக் குறித்துவிட வாய்ப்பு உண்டு. நம் கடற்கரையின் கதிரியக்கம் வேறு கதை. அது மோனசைட்டில் உள்ள தோரியத்தால் வருவது.

ஆர்கோஸால் என்ன பயன்?

கட்டடக் கல். நியூயார்க்கின் பழைய பழுப்புக்கல் வீடுகளில் பல, கனெக்டிகட்டின் ஃபெல்ட்ஸ்பார் மிகுந்த மணற்கல்லால் கட்டப்பட்டவை. பீங்கானுக்கும் கண்ணாடிக்கும் வேண்டிய ஃபெல்ட்ஸ்பாரை ஆர்கோஸிலிருந்து எடுப்பது அரிது. பெருமணிப் பாறையான பெக்மடைட்டிலிருந்தே பெரும்பாலும் எடுக்கிறார்கள்.

பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு, செலவும் கிடையாது. ஒரே ஆற்றின் வழியில் மூன்று இடத்தில் ஒவ்வொரு கரண்டி மணல் எடுங்கள்: மலையடிவாரத்து ஓடை, மூவாற்றுமுகம், தேங்காய்ப்பட்டணத்தில் ஆறு கடலில் சேரும் முகம். ஒரு கரண்டி போதும், அதற்கு மேல் வேண்டாம். காட்டு எல்லைக்குள் அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது. மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள கனிமம். ஆகவே கருமணலை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம், கரையிலேயே லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும்.

மணலைக் கழுவி, காயவைத்து, வெள்ளைத் தாளில் பரப்புங்கள். குண்டூசி முனையால் நூறு மணிகளைத் தள்ளித் தள்ளி எண்ணுங்கள்: தட்டையாக மின்னுவது ஒரு பக்கம், வெளுத்து நொறுங்குவது ஒரு பக்கம், கண்ணாடிபோல் தெளிந்தது ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். தட்டையாக மின்னும் காக்காப்பொன்னை ஃபெல்ட்ஸ்பார் என்று எண்ணிவிடுவதுதான் எல்லாப் பிள்ளைகளும் முதலில் செய்யும் தவறு. குண்டூசியால் அழுத்தினால் வளைவது காக்காப்பொன். டப்பாவின் மேல் இடம், நாள் இரண்டோடு, அந்த வாரம் மழை பெய்ததா என்பதையும் எழுதிவையுங்கள். வெள்ளத்துக்குப் பின் எடுத்த மணலில் மலையின் புதிய பாறைத்தூள் கலந்திருக்கும். அதே இடத்தில் கோடையில் எடுத்ததோடு ஒப்பிடும்போது அந்தக் குறிப்பு இல்லாமல் ஒன்றும் விளங்காது.